உங்க கன்னம்தான்

உப்பாற்றுமுனையில் இரும்பு என்று எதுவும் ரொம்ப நாள் இரும்பாக இருந்ததில்லை. உப்பளத்துக் காற்று கேட்டுக்கேள்வி இல்லாமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து, கதவின் கீலைத் தின்று, சைக்கிள் செயினைத் தின்று, பெண்கள் சேலையில் குத்திய ஊக்கைத் தின்று, கடைசியில் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்த கத்தரிக்கோலையும் தின்றுவிட்டுத்தான் ஓயும் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போதே அது எப்போது துருப்பிடிக்கும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். உப்பு லாரிகளுக்கு எடை போடும் எடைமேடைத் தவசிலிங்கம் தன் ஆயுளில் எத்தனை ஷேவிங் செட்டுகளைத் தூக்கிப் போட்டார் என்பது அவருக்கே தெரியாது. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் திருகு இறுகிவிடும், தலைப்பாகம் சிவந்துவிடும், அதைக் கொண்டு அவர் முகம் வழிக்கிற சத்தத்தைக் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். அப்படி ஒருநாள் தாடையில் ரத்தம் ஒழுக நின்றவரைப் பார்த்து, மகன் சந்தனராஜ், "உங்களுக்குத் துருப்பிடிக்காத ஒண்ணு நான் வாங்கித் தாரேம்ப்பா" என்று சொல்லியிருந்தான். அப்போது அவனுக்கே மீசை அரும்பியிருக்கவில்லை.

அவனுக்கு மீசை அரும்பி, தாடியும் வந்து, மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போகிற தோணியில் வேலையும் கிடைத்தது. ஒரு நடையில் கொழும்பு போய், அங்கிருந்து மாலே போய், மாலேயில் இறங்கி வேறு ஏதோ கப்பலில் ஏறிவிட்டான் என்று கூடப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். என்ன கப்பல், எந்த நாட்டுக் கொடி, எந்தத் திசை என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். அதற்குப் பிறகு போனும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. தவசிலிங்கம் ஏறாத அலுவலகம் இல்லை, நிற்காத வாசல் இல்லை, கேட்காத குறி இல்லை. அலைந்த அலைச்சலில் முகத்தைக் கவனிக்க மறந்து, மறந்தது பழகி, தாடி கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை தாடி விட்டால் ஊருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பெண்டாட்டி உண்டாகியிருந்தால் விடலாம், கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் விடலாம், வீட்டில் துக்கம் என்றால் கருமாதி வரைக்கும் விடலாம். தவசிலிங்கத்தின் தாடி இதில் எதிலும் சேராமல் நின்றது. நேர்ச்சைத் தாடி என்று பாதி ஊரும், துக்கத் தாடி என்று பாதி ஊரும் சொல்லிக்கொண்டன. அவர் காதில் விழுகிற மாதிரி மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு தோணிக்காரரான அந்தோணிப்பிச்சை, ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றார். கொழும்பில் சந்தனராஜ் ஒரு சாமான் வாங்கித் தன்னிடம் கொடுத்துவிட்டானென்றும், தான் மறுநாளே கால் முறிந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கொண்டுவர இவ்வளவு நாளாகிவிட்டதென்றும் சொல்லி, ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே வெண்கலத்தில் ஒரு ஷேவிங் செட் இருந்தது. தோணிக்காரர்களுக்குத்தானே தெரியும், உப்பு வெண்கலத்திடம் வாலாட்டாது என்று.

தவசிலிங்கம் பெட்டியை மூடி அலமாரியில் வைக்கப் போனார். பொன்னுக்கனி விடவில்லை.

"எங்க கொண்டு போறிய? அதை வச்சு முகத்தை வழிங்க."

"நம்ம பெய அனுப்பினதுடி. அவன் வரட்டும்."

"அவன் வந்து வாசல்ல நின்னான்னா அப்பா யாருன்னு அடையாளம் தெரிய வேண்டாமா? செத்தவனுக்குல்லா தாடி விடுவாவ. எம்பிள்ள சாவல. வழிங்க."

அவள் ஒரு காரியத்தை இப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவருக்குத் தெரியும். கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். கைப்பிடியைத் திருகியதும் மூன்று துண்டாகக் கழன்று உள்ளங்கையில் கனமாக விழுந்தது. கருப்பட்டி நிறம். ஓரங்களில் மட்டும் வெயில் பட்ட மாதிரி ஒரு மஞ்சள். பிளேடை நடுவில் வைத்துத் திருகினால், எந்த இடத்திலும் அடம் பிடிக்காமல், கேட்ட இடத்தில் வந்து நின்றது. வெந்நீரில் முக்கியதும் அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டது. பிரஷ்ஷால் நுரை கூட்டி, காதோரம் ரேசரை வைத்து, வழக்கம்போல அழுத்தப்போனார். அழுத்துவதற்கு அவசியமே இருக்கவில்லை, தன் கனத்திலேயே அது இறங்கி வந்தது, சுடுதோசைக் கல்லில் எண்ணெய் ஓடுகிற மாதிரி வழியில் இருந்த முடியையெல்லாம் அள்ளிக்கொண்டு தாடை வளைவில் திரும்பி மோவாயில் வந்து நின்றபோது, வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை, போன இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு கீழிருந்து மேலே ஒரு தடவை. தொண்டைக்குழி, மூக்கின் கீழ், காதுமடல் ஓரம் என்று எதையும் விடாமல் வழித்து, பச்சைத் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டபோது, அவர் வாயிலிருந்து அவரையறியாமல் ஒரு 'ஆ' வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளை எங்கே கிடக்கிறானோ தெரியாத வீட்டில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு சுகமா என்று கண்ணாடியைப் பார்த்து அழுதார். இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, அழுதுகொண்டே இன்னொரு தடவை கன்னத்தைத் தடவியும் பார்த்தார்.

மழுமழுவென்ற முகத்தோடு அவர் தெருவில் இறங்கியதும் ஊர் ஒரு தப்புச் செய்தது. தாடி போய்விட்டது, அப்படியென்றால் தகவல் வந்துவிட்டது, காதும் காதும் வைத்த மாதிரி கருமாதியையும் முடித்துவிட்டார்கள் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்து, பொழுது ஏறுவதற்குள் ஆண்கள் தோளில் துண்டோடும் பெண்கள் அவிழ்ந்த தலையோடும் அவர் வீட்டு முன்னால் கூடிவிட்டார்கள். ஒருத்தி ஒப்பாரியைக்கூட எடுத்துவிட்டாள்.

பொன்னுக்கனி வாசல் கூட்டுகிற வாரியலோடு வெளியே வந்தாள். "யாருக்குட்டீ கருமாதி? எந்தச் சிறுக்கி சொன்னா எம்பிள்ள செத்தான்னு?" என்று அவள் கேட்ட கேள்வியில் கூட்டம் கலைந்து ஓடிவிட்டது. ஒரே ஒருவன் மட்டும் போகவில்லை. அவன் பெயர் கடற்கரை, ஊரின் ஒரே சலூன்காரன். கல்யாண மாப்பிள்ளைக்கும் அவன்தான், கருமாதிக்கும் அவன்தான். ஊரில் எந்த ஆண்பிள்ளை செத்தாலும் குளிப்பாட்டுவதற்கு முன்னால் கடைசியாக முகம் வழித்துவிடுவதும் அவன் கைதான். அவனுக்கு வந்தது துக்கமில்லை, வருத்தம்.

"கருமாதி இல்லன்னா சரி அண்ணாச்சி. ஆனா இவ்வளவு தாடியை எடுக்கணும்னா என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்லா. எந்தச் செட்டுல வழிச்சிய, காட்டுங்க பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே, தொழில்காரன் பார்க்கிற விதத்தில், விரல்களின் புறத்தை அவர் தாடையோரமாக ஓட்டினான். ஓட்டியவன் பாதியில் நின்றான். கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தான்.

"அண்ணாச்சி, இது எங்க அய்யா கன்னம்லா" என்றான்.

அவன் அப்பா பெரியம்மை வார்த்துத் தழும்பேறிய முகத்துக்காரர். அவர் செத்தபோது இவன்தான் கடைசிச் சவரம் பண்ணினான், அந்தக் குழிகளில் ஒவ்வொன்றும் அவன் விரலுக்கு மனப்பாடம். கண்ணுக்குத் தெரிந்தது தவசிலிங்கத்தின் வழுவழுப்பான கன்னம், கைக்குக் கிடைத்தது அப்பாவின் கன்னம்.  கடற்கரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையைத் திறக்கப் போனான்.

ஊர் இதை ரொம்ப ஆராயவில்லை. மறுநாள் நாலைந்து பேர் வந்தார்கள், அடுத்த வாரம் தெருமுனை வரை நின்றார்கள். செத்துப்போனவர்களில் யாரை நினைத்துக் கை வைக்கிறார்களோ அவர்கள் கன்னம் கிடைத்தது. பிறந்து கண் விழிக்காமல் போன குழந்தையின் பஞ்சுக் கன்னம் ஒருத்திக்கு, வெற்றிலை அதக்கிப் புடைத்த மாமனார் கன்னம் இன்னொருத்திக்கு. வேற்று ஆம்பிளை முகத்தைத் தொடுவது எப்படி என்று பெண்கள் தயங்கியபோது, ஊர்க்கமிட்டி கூடிப் பேசி, தொடுவதற்கு முன்னால் 'அண்ணே' என்றோ 'தம்பி' என்றோ வாய்விட்டுச் சொல்லிவிட்டால் குற்றமில்லை என்று மைக்கில் அறிவித்தது. உப்பு வாரி வாரிக் கை வெடித்த அளத்துப் பெண்கள் தங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று குறைப்பட்டு, முந்தின நாளே கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு வந்தார்கள். டீக்கடைக்காரன் பெஞ்சைத் தூக்கி அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்து போட்டான். இப்படி எந்த ஆகமத்திலும் இல்லையே என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்த பாஸ்டர், திங்கட்கிழமை காலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். மத்தியானம் புதுமுடி அரும்ப ஆரம்பித்ததும் கன்னம் வெறும் கன்னமாகிவிடும். அதனால் எல்லாரும் காலையிலேயே வந்து தொட்டு, கண்ணைத் துடைத்து, டீ குடித்து, வேலைக்குப் போய்விடுவார்கள்.

தவசிலிங்கம் மட்டும் தன் கன்னத்தை எத்தனை தடவை தடவிப் பார்த்தாலும் அது அவர் கன்னமாகவே இருந்தது. அவருடைய அம்மாவை நினைத்துத் தொட்டார், அப்பாவை நினைத்துத் தொட்டார். ஒன்றுமில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பொன்னுக்கனி அவரைத் தொடவே இல்லை. காப்பியை டம்ளரோடு தரையில் வைத்தாள், துண்டைக் கொடியில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள், கூட்டத்தில் இடித்துவிடுமோ என்று இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடமாடினாள். எதற்குப் பயப்படுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கையில் மகன் கிடைத்துவிட்டால்?

இதைத் தீர்த்து வைத்தவள் சுடலைவடிவு. அவள் புருஷன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போனவன், போய் வெகுகாலமாகிவிட்டது, செத்திருப்பான் என்று இவளும் பொட்டை அழித்துவிட்டாள். அவள் வந்து அவனை நினைத்துக் கை வைத்தாள். மாற்றி வைத்தாள். எண்ணெய் போதவில்லையோ என்று மறுபடி தேய்த்துக்கொண்டு வந்து வைத்தாள். கிடைத்தது தவசிலிங்கத்தின் கன்னம்தான். அதே இடத்தில், செத்துப்போன தன் அம்மாவை நினைத்து வைத்தபோது அம்மா உடனே கிடைத்தாள்.

"அப்படின்னா உசுரோட இருக்கானா அந்தப் படுபாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு கிடுகிடுத்தது. அன்று சாயங்காலமே ஒட்டுப்பொட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கேரளா பஸ்ஸில் ஏறிப் போனாள். அவன் கதி என்னவோ, அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் தவசிலிங்கம் முகம் வழித்து முடித்ததும், கதவைத் திறப்பதற்கு முன்னால், பொன்னுக்கனி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். சேலையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவர் இடது கன்னத்தில் வைத்தாள்.  வெளியே டீக்கடைக்காரன் பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உங்க கன்னம்தான்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகன் காணாமல் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் அவர் பார்த்தார்.

அன்றிலிருந்து முதல் கை அவளுடையது என்று ஆயிற்று. காலையில் வெந்நீர் வைப்பாள். அவர் ரேசரைக் கழற்றித் துடைத்து, புது பிளேடு போட்டு, நுரை கூட்டி, அந்தச் சுகத்துக்குள் கொஞ்ச நேரம் தன்னை மறப்பார். வெண்கலம் கைச்சூட்டில் பழகப் பழக இன்னும் மெருகேறிக்கொண்டு வந்தது, ஒரு புள்ளி துரு இல்லை, ஒரு நாள் வெட்டு இல்லை, பிள்ளை சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று ஒவ்வொரு இழுப்பிலும் நினைத்துக்கொள்வார். அப்புறம் அவள் கை வரும்.  'உங்க கன்னம்தான்' என்று அவள் சொன்னபிறகுதான் அவர் சட்டையை மாட்டுவார், அவளுக்கு உலை கொதிக்கும், வரிசைக்குக் கதவு திறக்கும். மழை வந்து உப்பளம் மூடி, மழை போய் மறுபடி பாத்தி கட்டி, உப்பு பூத்து, அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து லாரி ஏறும் வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையிலேயே அந்த வீடு உயிர் வாழ்ந்தது.

பிறகு ஒரு காலையில் அவள் கை வைத்தாள். வைத்த கை தாடையோரமாக இறங்கி, மோவாய்க்குப் போய், திரும்பி வந்தது.

"என்னங்க, இந்தப் பக்கம் சரியா வழிக்கலையே. முள்ளு முள்ளா இருக்கு" என்றாள். வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உலையைப் பார்க்க உள்ளே போனாள்.

தவசிலிங்கம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழே தொட்டார், கீழிருந்து மேலே தொட்டார். ஒரு முள் இல்லை. ஒரு முடி இல்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அடுப்படியில் அவள் அரிசி களைகிற சத்தம் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது. இவளுக்குப் புரியவில்லை, நான் வழிக்கவில்லை என்றே நினைத்துவிட்டாள், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்த நிமிஷத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஆமாட்டி, கை தப்பிட்டு" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். 

அடுத்த நாளிலிருந்து இடது தாடையில் ஒரு துண்டு இடத்தை அவர் வேண்டுமென்றே வழிக்காமல் விட்டார். அந்த ரேசரை வைத்துக்கொண்டு ஓர் இடத்தை விட்டுவைப்பது லேசான காரியமில்லை, அது தானாக வழுக்கிக்கொண்டு வந்து சுத்தம் பண்ணப் பார்க்கும், பிடித்து நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. அவருக்கு இருந்த ஒரே சுகமும் அதோடு போயிற்று. அவள் கை வைப்பாள், "இன்னைக்கும் விட்டுட்டிய" என்பாள், "வயசாவுதுல்லா" என்பார் இவர். கை முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கேயே இருக்கும். கடற்கரை பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கை நடுங்குதா? நான் வேணா வந்து வழிச்சு விடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினார். ஊர் மறுகன்னத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. எடைமேடையில் உப்பு லாரி ஏறி நிற்கும், முள் ஆடி ஆடி நிற்கும், இவர் அதைப் பார்க்காமல் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிரைவர்கள் ஹாரன் அடித்துத்தான் எழுப்புவார்கள். எந்தக் கப்பல், எந்தத் தண்ணீர், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்களா? யாரிடம் கேட்பது? வாய்விட்டு அழக்கூட அவருக்கு வழி இல்லை. அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் அவர் எழுந்து வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் பொன்னுக்கனி உட்கார்ந்திருந்தாள். கதவு தாழ் போட்டிருந்தது. குளித்திருந்தாள், முகத்தில் மஞ்சள் பூசவில்லை. அவளுடைய இடது கன்னம் முழுக்கச் சோப்பு நுரை. கையில் ரேசர்.

"என்னட்டி பண்ணுத?"

"பேசாம இருங்க, வெட்டிரும்" என்று அவள் ரேசரைக் காதோரம் வைத்து இழுத்தாள். அவர் எத்தனையோ நாள் இழுத்ததைப் பார்த்தவள்தானே, அழுத்தாமல், அதன் கனத்திலேயே இறக்கினாள். மோவாய் வரைக்கும் வழித்துவிட்டு, தண்ணீரால் கழுவி, முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் அன்னைக்கே அறிஞ்சுட்டேன்" என்றாள். "இந்தச் செட்டு வந்ததுல இருந்து நீங்க ஒருநாளாவது முள்ளு விட்டு வழிச்சிருக்கியளா? ஏதோ வாயில வந்ததைச் சொல்லிட்டு உள்ள போனேன். நீங்க தாங்க மாட்டியன்னுதான். அடுத்த நாளு பாத்தா நெசமாவே விட்டுட்டு நிக்கிய."

அவர் கை, வழிக்காமல் விட்ட அந்தத் துண்டு இடத்துக்குப் போயிற்று. 

"ஊரே தொட்டுட்டு. நான் தெனமும் தொட்டேன். பெத்த அப்பா நீங்க இன்னும் தொடல." அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "நல்லா நினைச்சுக்கிட்டுப் பாருங்க."

நினைப்பதற்கு என்ன இருக்கிறது, வேறு எதையும் அவர் நினைக்கவே இல்லையே. கண்ணுக்கு அவள் கன்னம், சுருக்கம் விழுந்து ஈரமாக இருந்தது. உள்ளங்கைக்கு இளந்தாடி குத்தியது. பல நாள் வழிக்காத முள். தாடை எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது, ஒழுங்காகச் சாப்பிடவில்லை போல. மோவாய்க்கு அடியில், உப்பு அம்பாரத்தில் ஏறி விழுந்து தையல் போட்ட இடத்தில் அந்தக் குழி. அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தவசிலிங்கம் அழுதார், இத்தனை நாள் அழாததையும் சேர்த்து, 'சந்தனம், சந்தனம்' என்று வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவள் முகத்தை அசைக்கவே இல்லை, கை விலகிவிடும் என்று.

"முகமே வழிக்கலையேட்டி இவன்" என்றார் கடைசியில்.

"உங்களுக்கு வாங்குனவன் தனக்கு ஒண்ணு வாங்கிக்கிடல" என்றாள் பொன்னுக்கனி.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கடற்கரையின் குரல், "அண்ணாச்சி, ஆளு நிக்குது" என்றது. இருவரும் திரும்பவில்லை. தவசிலிங்கம் ஒரு கையை அவள் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு, மறுகையால் பிரஷ்ஷை எடுத்து வெந்நீரில் முக்கினார். என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. செம்பை நகர்த்தி வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தைக் கொடுத்தாள்.

நுரை கூட்டி மெதுவாகத் தடவினார். ரேசரைக் காதோரம் வைத்து இறக்கியபோது, பெண்பிள்ளையின் அந்தக் கன்னத்தில், இளந்தாடியை வெட்டிக்கொண்டு வருகிற சரசரப்பு கேட்டது. அலசிய தண்ணீரில் கறுகறுவென்று முடி மிதந்தது, அவருடையது எப்போதோ நரைத்துவிட்டது. மேலிருந்து கீழே ஒரு தடவை வழித்தார், கீழிருந்து மேலே ஒரு தடவை வழித்தார், மறு கன்னத்தையும் அப்படியே வழித்து, மோவாய்க் குழியில் வெட்டிவிடாமல் தோலை இழுத்துப் பிடித்து, தொண்டைக்குழி, மூக்கின் கீழ், காதுமடல் ஓரம் என்று எதையும் விடாமல், 'இந்தா ஆச்சு, இந்தா முடிஞ்சிட்டு' என்று குழந்தையிடம் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே, யாரும் அவனுக்குச் செய்துவிடாத அந்தக் கடைசிச் சவரத்தை முடித்தார். பச்சைத் தண்ணீரால் கழுவினார். துண்டால் ஒற்றினார். பிறகு உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தார்.

பொன்னுக்கனி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"உன் கன்னம்தான்" என்றார்.